பழைய கேமிங் கணினி: இப்போது மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. 2020ஆம் ஆண்டில் சேர்த்த கணினி உங்களுடையது: ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை, 1080பி மானிட்டர். நண்பர்களோடு தினமும் ஆடும் கவுண்டர் ஸ்டிரைக் 2, புகைக் குண்டு விழும் நேரத்தில் திக்கித் திணறுகிறது. ஆசைப்பட்டு வாங்கிய இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டோ திறக்கவே மறுக்கிறது. பகுதிநேர வேலையில் சேர்த்த 900 சிங்கப்பூர் வெள்ளி கையில் இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் புதுக் கணினிக்கு 2,200 வெள்ளி விலை சொல்லி, மீதியைத் தவணையில் கட்டலாம் என்கிறார். இன்னும் நான்கு மாதத்தில் படிப்பு முடிந்து, முகாமில் தங்கிச் செய்யும் கட்டாயத் தேசிய சேவைக்குப் போகவிருக்கிறீர்கள். இப்போதே மாற்றுவதா, பொறுப்பதா என்பது கேள்வி.

முழுக் கணினியை இப்போது மாற்ற வேண்டாம் என்பதும், தவணை அறவே வேண்டாம் என்பதும் என் பதில். அந்த 900 வெள்ளியில் எவ்வளவு செலவழிக்கலாம், எதில், எப்போது என்பதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு குறைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு இனத்தைச் சேர்ந்தவை.

திறக்கவே மறுக்கும் விளையாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் வெளிவந்த அந்த விளையாட்டு, ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி கார்டின் வன்பொருளிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் விளையாட்டுக்கும் அதே நிபந்தனைதான். உங்கள் 1660 சூப்பர் 2019 அக்டோபரில் வந்த கார்டு; அதே தலைமுறையில் பிறந்த ஆர்டிஎக்ஸ் 2060இல் அந்த வசதி உண்டு, இதில் இல்லை. ஆகவே அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும், தூசியை எவ்வளவு துடைத்தாலும் அந்த விளையாட்டு ஓடாது. இதைப் பூட்டிய கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடுவது வேறு. அது ஏறச் சிரமமான படிக்கட்டு. படிக்கட்டுக்குப் பல வைத்தியம் உண்டு, பூட்டிய கதவுக்குச் சாவி ஒன்றுதான். கணினி வாங்கி ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, ஆறு ஆண்டு ஆகிவிட்டது என்று வயதைக் கொண்டு முடிவெடுக்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கதவு பூட்டப்பட்டிருக்கும் விளையாட்டுகள் இன்றைக்கும் சிலவே. நீங்கள் ஆட விரும்பும் பட்டியலில் அவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், அந்த ஒன்றின் உண்மையான விலை விளையாட்டின் விலையோடு ஒரு புதுக் கார்டின் விலையையும் சேர்த்ததாகும்.

இனி படிக்கட்டு. கவுண்டர் ஸ்டிரைக் 2 திணறுவதற்குக் கார்டுதான் காரணம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. என் ஊகம் அது கார்டு இல்லை என்பதுதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, திரையின் ஓரத்தில் நான்கு எண்களைத் தெரிய வையுங்கள்: கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, கார்டின் நினைவகம் எவ்வளவு நிறைந்திருக்கிறது, பிராசசரின் வெப்பம், ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) ஆகும் மில்லிவினாடி. விநாடிக்கு எத்தனை பிரேம் என்று காட்டும் சராசரி எஃப்பிஎஸ் எண்ணை நம்ப வேண்டாம். விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிவினாடி, 144 என்றால் ஏறத்தாழ 7. சராசரி நன்றாக இருந்தும் இடையிடையே ஒரு பிரேம் மட்டும் 40, 50 மில்லிவினாடி எடுத்தால், கண் அதைத்தான் திக்கல் என்று உணர்கிறது.

திணறும் அந்த நேரத்தில் கார்டின் பயன்பாடு 97, 98 விழுக்காட்டில் இருந்தால் கார்டு மூச்சு முட்டுகிறது என்று பொருள். அது 60, 70க்கு இறங்கினால் கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது, வேலை கொடுக்க வேண்டிய பிராசசர் பின்தங்குகிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? விளையாட்டின் தெளிவுத்திறனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கி, அதே வரைபடத்தில் அதே இடத்தில் மறுபடி ஆடிப் பாருங்கள். பிரேம் கூடினால் குற்றவாளி கார்டு. படம் மங்கியதே தவிர எண் அசையவில்லை என்றால் கார்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை. பத்து நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமலே 500 வெள்ளிக்குக் கார்டு வாங்கி, அதே திணறலைப் புதுக் கார்டில் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறார்கள்.

அளந்தபின் கடைக்கு ஓட வேண்டாம். காசு செலவில்லாமல் தீர்க்கக்கூடிய குறைகள் சில உண்டு. 2020இல் சேர்த்த கணினிகளில் இவற்றில் ஒன்றாவது அநேகமாக இருக்கும். ரேம் குச்சியின் மேல் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்காதவரை அது 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும்; ரைசன் பிராசசர்களில் உள்ளிணைப்பின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டுண்டது என்பதால் இழப்பு இருமடங்காக உறைக்கும். விண்டோசின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பார்த்தால் வேகம் அங்கேயே எழுதியிருக்கும். 16 ஜிபி என்பது ஒரே குச்சியா, இரண்டு 8 ஜிபி குச்சிகளா என்பதையும் பாருங்கள். ஒரே குச்சியென்றால் அகலமான சாலையில் ஒரு தடத்தை மூடிவைத்து ஓட்டுவது போலத்தான். விநாடிக்கு 144 முறை படம் மாற்றக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் அமைப்பில் 60லேயே விட்டுவைத்து ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களும் இருக்கிறார்கள்; இதைப் படித்துவிட்டு உங்கள் மானிட்டர் அமைப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஏஎம்டி மதர்போர்டுகளில் விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் என்னும் பாதுகாப்பு வசதியைப் பிராசசரே வழங்கும் வகையில் இயக்கினால், இடையிடையே கணினி முழுவதும் ஒரு கணம் உறைந்து மீளும் கோளாறு ஒன்று இருந்தது. ஏஎம்டி அதை 2022இல் ஒப்புக்கொண்டு, புதிய பயாஸ் வழியாகச் சரிசெய்தது. உங்கள் பயாஸ் 2020ஆம் ஆண்டுடையதாகவே இருந்தால் அதைப் புதுப்பிப்பதுதான் முதல் வேலை. எப்படியும் பிராசசரை மாற்றுவதற்கு முன் அதைச் செய்தாக வேண்டும்.

அடுத்தது தூசியும் வெப்பமும். நம் ஊரில் இதைத் தனியாகப் பேசத்தான் வேண்டும். வெளிநாட்டுச் சோதனைகள் 21, 22 டிகிரி அறையில் நடக்கின்றன. வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் குளிர்சாதனம் இல்லாமல் மாலையில் 30, 31 டிகிரி இருக்கும். அந்த வேறுபாடு அப்படியே சிப்பின் மேல் போய் உட்காரும். சென்ற ஆண்டு ஜூரோங் வெஸ்டில் அக்கா மகனின் கணினியைத் திறந்தேன். அதுவும் ரைசன் 3600, பெட்டியோடு வந்த சிறிய கூலர். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துணி விரித்ததுபோல ஒரு சாம்பல் நிறப் படலம். விரலால் பிடித்து இழுத்தால் ஒரே தாளாக உரிந்து வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா போடும் சாம்பிராணிப் புகையின் பிசுக்கு தூசியை நன்றாகவே ஒட்டவைத்திருந்தது. சுத்தம் செய்யும் முன் விளையாட்டின் நடுவில் 94 டிகிரி. அந்தச் சிப்பின் உச்ச வரம்பு 95 என்பதால், அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. துடைத்து, பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தபின் 79. பையன் கேட்டுக்கொண்டிருந்த புதுக் கார்டை அதன் பிறகு எட்டு மாதம் கேட்கவில்லை.

கூலரைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. உங்கள் ஏஎம்4 வகைப் பிராசசருக்குக் கீழே 1,331 மெல்லிய கால்கள் உண்டு. பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டிக்கொண்டிருந்தால், கூலரை நேராக மேலே தூக்கும்போது பூட்டு போட்டிருந்தும் பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. வளைந்த எட்டு கால்களை மெக்கானிக்கல் பென்சிலின் வெற்றுக் குழலில் நுழைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். கை நடுக்கம் தீர ஒரு கோப்பி குடிக்க வேண்டியிருந்தது. கழற்றும் முன் ஏதாவது ஒரு விளையாட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட் சூடாக இளகிய பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பின்னரே தூக்குங்கள்.

இதையெல்லாம் செய்தும் சில விளையாட்டுகள் திக்கும். விளையாட்டுகளுக்கு அடித்தளமான புதிய எஞ்சின்களில், ஒளியையும் நிறத்தையும் வரையும் ஷேடர் என்னும் சிறு நிரல்களை ஆட்டத்தின் நடுவில் தொகுப்பதாலும், ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது தரவை ஏற்றுவதாலும் வரும் திக்கல் மிகப் பெரிய விலையுள்ள கணினியிலும் வரும். அது விளையாட்டை எழுதியவர்களின் குறை. அதற்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை.

இனி செலவுக்கு வருவோம். சோதனையில் பிராசசர்தான் பின்தங்குகிறது என்று தெரிந்தால், உங்கள் பி450 போர்டு ஒரு நல்ல வாய்ப்பைத் தருகிறது. அதே சாக்கெட்டில் ரைசன் 5 5600 அப்படியே உட்காரும். இரண்டிலும் கணக்குப் போடும் கோர்கள் ஆறுதான், பெயரிலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் 3600இல் மூன்று மூன்று கோர்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் 16 எம்பி உள்நினைவகம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாதி மற்றதிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சுற்றிப் போக வேண்டும். 5600இல் ஆறு கோரும் 32 எம்பியை ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. கவுண்டர் ஸ்டிரைக் போன்ற விளையாட்டுகளில் பலன் தெரிவது இதனால்தான். நான் கடைசியாக விலை பார்த்தபோது புதியது 200 வெள்ளிக்குள் இருந்தது. 96 எம்பி உள்நினைவகம் கொண்ட 5700 எக்ஸ்3டி இதைவிட வெகு மேல். ஆனால் அதன் உற்பத்தி நின்றுவிட்டது, மிச்சமிருப்பவற்றுக்கு ஆசை விலை சொல்கிறார்கள். நியாயமான விலைக்கு அகப்பட்டால் வாங்கலாம், அதைத் தேடி அலைய வேண்டாம். புதுப் பயாஸைப் பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முதலில் பிராசசரை மாற்றிவிட்டால் திரையில் எதுவும் வராது, பிறகு மறுபடி பழையதைப் பொருத்த வேண்டியதுதான்.

கார்டு விஷயத்தில் உங்கள் போர்டின் வயது ஒரு கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டைப் போடுகிறது. பி450 போர்டில் கார்டு பொருந்தும் பாதை மூன்றாம் தலைமுறை பிசிஐஇ. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ கார்டுகள் மூன்றும் அந்தப் பாதையின் பதினாறு தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் ஒவ்வொரு தடமும் வேகமானது என்பதால் இது தெரியாது. பழைய போர்டில், குறிப்பாக கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்து கணினியின் ரேமை எட்டிப்பிடிக்கும் நேரத்தில், தெரியும். 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு தடங்களையும் பயன்படுத்துகிறது. அதன் 16 ஜிபி வகையில் நினைவகம் வழியும் பேச்சும் குறைவு. ஆகவே உங்கள் பெட்டிக்கு என் தேர்வு அதுதான். அது எடுக்கும் மின்சாரம் 160 வாட், உங்கள் பழைய கார்டு 125 வாட். தரமான 550 வாட் பவர் சப்ளை தாராளமாகப் போதும். அதன் 8 ஜிபி வகை விலை குறைவாக இருக்கிறதே என்று கை நீள வேண்டாம். உங்கள் பழைய கார்டின் 6 ஜிபியிலிருந்து 8க்குப் போவது ஓட்டை வாளியை மாற்றிக் கொஞ்சம் சின்ன ஓட்டை வாளி வாங்குவது போன்றது.

12 ஜிபி நினைவகத்தோடு 249 அமெரிக்க டாலருக்கு அறிமுகமான இன்டெல் ஆர்க் பி580 பற்றியும் கேட்டிருந்தீர்கள். புதுப் பிராசசரோடு நல்ல கார்டு அது. ஆனால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குவது. 3600 போன்ற பழைய சிப்போடு சேர்த்தால் சோதனைகளில் கண்கூடாகவே பின்தங்கியது. மலிவு என்பதற்காக நோயாளியின் தோளில் இன்னொரு மூட்டையை ஏற்ற வேண்டாம்.

9060 எக்ஸ்டி 16 ஜிபி அறிமுக விலை 349 அமெரிக்க டாலர். ஒன்றுக்கு 1.30 வெள்ளி என்று மாற்றி, 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்தால் 495 வெள்ளியை ஒட்டி வருகிறது. கடையில் கேட்கும் விலை இதற்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் கொண்டு, அந்த வாரம் வாங்கத்தக்க வாரமா என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். எந்தக் கார்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ‘தள்ளுபடி 30 விழுக்காடு’ என்ற சிவப்பு அட்டையைவிட இது நம்பகமானது.

முழுப் புதுக் கணினி ஏன் வேண்டாம் என்றேன்? புதிய ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம். உங்கள் டிடிஆர்4 குச்சிகள் அதில் பொருந்தா. 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால், டிடிஆர்5 விலை சில வாரங்களுக்குள் மடங்கு கணக்கில் ஏறியது. தயாரிப்பாளர்களில் ஒன்றான மைக்ரான், வீட்டுப் பயனாளர்களுக்கான தன் குரூஷியல் வணிகத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றுகிறவர் விலையின் உச்சியில் நின்று வாங்குகிறார். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 16 ஜிபி ரேம், நீங்கள் நினைத்ததைவிட மதிப்புள்ள சொத்து. 2021இலும் இப்படித்தான்: மின்னிலக்க நாணயம் தோண்டுவோர் கார்டுகளை வாரிக்கொண்டு போனார்கள், விலை இரண்டு மடங்கு ஏறியது, எல்லாரும் ‘இனி இறங்காது’ என்றார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் அத்தகைய நாணயம் தன் முறையை மாற்றியதும் தோண்டுவதற்கு வேலையில்லாமல் போய், பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. இப்போதைய ஏற்றம் எப்போது தணியும் என்று சோதிடம் சொல்ல நான் வரவில்லை. ஏற்றத்தின் நடுவில் தவணை போட்டு வாங்குவது மட்டும் தவறு என்பேன்.

இங்கே உங்கள் தேசிய சேவை கணக்கில் வருகிறது. கேள்வியில் போகிற போக்கில் சொல்லியிருந்தாலும், முடிவைத் தீர்மானிப்பது அதுதான். கார்டுக்கு இங்கே பொதுவாக மூன்று ஆண்டு உத்தரவாதம். இன்று வாங்கி, நான்கு மாதம் ஆடி, பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முகாமில் இருந்து வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வந்தால், உத்தரவாதத்தின் பெரும்பகுதி ஆளில்லாத அறையில் கரையும். வீட்டுக்கு வரும் சனி ஞாயிறும் தூங்கவும், அம்மா கையால் சாப்பிடவும், நண்பர்களைப் பார்க்கவும் போய்விடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் சேவை முடிந்து வரும்போது அதே பணத்துக்கு ஒரு தலைமுறை புதிய கார்டு கிடைக்கக்கூடும். இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் அதற்குள் பருவத் தள்ளுபடிகளில் இன்னும் மலிந்திருக்கும். வாங்கி ஆடாமல் வைத்திருக்கும் விளையாட்டு ஒன்றும் புளித்துப் போகாது.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரக் கடைசியில் காசில்லா வேலைகள் எல்லாவற்றையும் முடிப்பேன். அதன் பிறகும் புகைக் குண்டில் திணறினால், சோதனையும் பிராசசரைக் காட்டினால், 5600 ஒன்றை வாங்குவேன்; அது தினமும் ஆடும் விளையாட்டுக்கு இந்த நான்கு மாதமும் பலன் தரும், செலவும் சிறியது. கார்டைத் தள்ளிவைப்பேன். மிச்சம் 700 வெள்ளியைத் தொடாமல் வங்கியிலேயே விட்டுவைப்பேன். அந்த ஒரு விளையாட்டை இப்போதே ஆடாவிட்டால் மனம் ஆறாது என்றால், புதிதாக வாங்காமல், ரே டிரேசிங் உள்ள பழைய கார்டு ஒன்றைப் பார்க்கலாம். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி வகை பதினாறு தடங்களையும் பயன்படுத்துவது, குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. உங்கள் போர்டுக்குப் பொருத்தமான பழைய கார்டு அதுவே. உங்கள் 1660 சூப்பரை விற்றால் செலவில் ஒரு பங்கு திரும்பும்.

பழையது வாங்குவதென்றால் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். கேரோசல் என்னும் இணையச் சந்தையில் பார்த்து, எம்ஆர்டி ரயில் நிலையத்து நுழைவாயிலில் நின்று, பெட்டியைத் திறந்து பார்த்து, பேநவ் வழியாகக் கைப்பேசியில் பணம் அனுப்பிவிட்டு வருவதுதான் நம் வழக்கம். நானும் அப்படி ஒரு கார்டை வாங்கினேன். படங்களில் பளபளவென்று இருந்தது, கையில் கனமாகவும் இருந்தது. வீட்டில் பொருத்தியபோது முதல் கால் மணி நேரம் சரியாக ஓடி, சூடேறியதும் ஒரு விசிறி தட்டுத்தட்டென்று உரச ஆரம்பித்தது. விற்றவர் அதற்குள் பதில் போடுவதை நிறுத்தியிருந்தார். அதிலிருந்து விற்பவர் வீட்டிலேயே, அவருடைய கணினியிலேயே இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்கிறேன், மறுப்பவரிடம் வாங்குவதில்லை. உத்தரவாதம் பெரும்பாலும் கார்டின் வரிசை எண்ணோடு போவதால், அசல் ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

கடையில் வாங்கினால் நிலைமை வேறு. ‘லெமன் லா’ என்று எல்லாரும் சொல்லும் விதிகள் 2012 செப்டம்பர் முதல் இங்கே நடப்பில் இருக்கின்றன: வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்த குறை என்றே கொள்ளப்படும், இல்லை என்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. கடை விற்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதற்குப் பொருந்தாது. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் மாடிகளில் பழைய கார்டை முப்பது, நாற்பது வெள்ளி கூடுதலாக விற்கும் கடையைச் சிலர் கேலி செய்கிறார்கள். அந்தக் கூடுதல் தொகை இந்தப் பாதுகாப்புக்கான சந்தா என்று எடுத்துக்கொண்டால் விலை அதிகமில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரி மிச்சம் என்ற காலமும் போய்விட்டது. 400 வெள்ளிக்குட்பட்ட பொருள்களுக்கும் 2023 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி உண்டு. கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் தபால் செலவும் உங்கள் தலையில்தான்.

மின்கட்டணம் ஏறிவிடும் என்று அப்பா கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்குக் கணக்குக் காட்டுங்கள். புதுக் கார்டு பழையதைவிட 35 வாட் அதிகம்; தினம் மூன்று மணி நேரம், முப்பது நாள் என்றால் 3 யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் மாதத்துக்கு ஒரு வெள்ளியை எட்டாது. ஆடும்போது போட்டுக்கொள்ளும் குளிர்சாதனத்தைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் நானும் அவர் பக்கம்தான்.

விண்டோஸ் 10இல் இன்னும் இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் பிராசசர் விண்டோஸ் 11க்குத் தகுதியானது. பயாஸில் டிபிஎம் வசதியை இயக்கினால் போதும், இதற்காகப் புதுக் கணினி வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சில போட்டி விளையாட்டுகள் இப்போது டிபிஎம்மோடு, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் ‘செக்யூர் பூட்’ வசதியையும் கேட்கின்றன. பேட்டில்ஃபீல்ட் 6 அப்படித்தான். அதுவும் பூட்டிய கதவுதான், ஆனால் சாவி உங்கள் பயாஸுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்னப் பொருள். முகாமுக்குப் போகும் முன் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவைப்பீர்கள் அல்லவா? 2020ஆம் ஆண்டு போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரிக்கும் அதே வயதுதான். அது வறண்டுவிட்டால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். தேதி தவறாகக் காட்டுவதைக் கவனிப்பீர்கள், ஆனால் ரேம் மறுபடி 2133க்கு இறங்கியதைக் கவனிக்க மாட்டீர்கள். இரண்டு வெள்ளிக்குப் புது பேட்டரி ஒன்றைப் போட்டுவிட்டு, சேவை முடிந்து வந்த முதல் நாள் டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணை மறுபடி பாருங்கள். கார்டு வாங்கும் பேச்சை அதன் பிறகு எடுப்போம்.